வன்னிக் காணியில் உலர் கக்கூஸும் குளியல் தண்ணீரும்: ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் ஒரு ஏக்கர் காணி. கரண்ட் கம்பி இன்னும் அந்த ஒழுங்கைக்கு வரவில்லை, சோலார் போட்டுச் சமாளிக்கப் போகிறீர்கள். 22 அடிக் கிணறு ஒன்று இருக்கிறது. மாரியில் தண்ணீர் தரையில் இருந்து 4 அடிக்குள் ஏறிவிடும், ஆவணியில் அடியில் கிடக்கும். வீட்டில் 5 பேர், அதில் அம்மாவுக்கு 70 வயது. தண்ணீர் ஊற்றாமல் மலத்தைக் காயவைத்து உரமாக்கும் உலர் கக்கூஸ் கட்டலாமா, குளிக்கிற தோய்க்கிற தண்ணீரை மரங்களுக்கு விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் செய்யலாம். உங்கள் காணிக்கு இது நல்ல பொருத்தம். கரண்ட் இல்லாததால் அல்ல, அந்த 4 அடியால்.

வழமையான கக்கூஸ் கிடங்கு 6 அடி, 8 அடி ஆழம் போகும். கார்த்திகை, மார்கழியில் உங்கள் நிலத்தடி நீர் 4 அடிக்கு வந்தால் அந்தக் கிடங்கு தண்ணீருக்குள்தான் இருக்கும். கிடங்கில் உள்ளதும் கிணற்றில் உள்ளதும் அப்போது ஒரே தண்ணீர். கிணற்றுக்கும் கக்கூஸுக்கும் 50 அடி இடைவெளி விடச் சொல்லி பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்வார். அனர்த்த நிவாரண வேலைகளில் பின்பற்றும் ஸ்பியர் அளவுகோல் 30 மீற்றர் கேட்கிறது, அதோடு கிடங்கின் அடி நிலத்தடி நீருக்கு 1.5 மீற்றராவது மேலே இருக்கவேண்டும் என்கிறது. இடைவெளியை நீங்கள் விட்டுவிடலாம், ஒரு ஏக்கர் இருக்கிறது. அந்த 1.5 மீற்றரை மாரியில் உங்கள் காணியில் எங்கே தோண்டினாலும் பெற முடியாது.

இது கற்பனைப் பயம் இல்லை. 2009 ஆவணியில், போரில் இடம்பெயர்ந்தவர்கள் இருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் பெய்த மழைக்கே கக்கூஸ் குழிகள் நிரம்பி வழிந்ததை அங்கே இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு ஊர்களுக்குள் வெள்ளம் வந்தபோதும், வெள்ளம் வடிந்த பிறகு கிணறுகளை இறைத்துக் குளோரின் போடவேண்டி வந்தது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியதற்கு தோட்டத்து உரத்தோடு கக்கூஸ் குழிகளும் ஒரு காரணம்.

உங்கள் காணி மேட்டு நிலமாக, மாரியிலும் தண்ணீர் 15 அடிக்குக் கீழே நிற்கிற இடமாக இருந்திருந்தால் நான் உலர் கக்கூஸைச் சொல்லியிருக்க மாட்டேன். அப்படிப்பட்ட இடத்தில் பீங்கான் வைத்து, மாறி மாறிப் பாவிக்க இரண்டு குழி வெட்டினால் போதும், வேலையும் குறைவு. தாழ்ந்த நிலம், குளத்தின் கீழ்ப்புறம், வயலோரம், கடலோர மணல், தோண்டினால் கல் முட்டுகிற இடம் ஆகியவற்றுக்குத்தான் உலர் கக்கூஸ் சரியான விடை.

முதலில் ஒரு விளக்கம். உரமாகும் கக்கூஸ் என்றதும் உள்ளே எருக்கும்பி மாதிரிச் சூடேறி எல்லாக் கிருமியும் செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சூடேற 55 பாகைக்கு மேல் போகவேண்டும். அதற்கு ஒரே தடவையில் குவித்த பெரிய கும்பி, ஈரம், நிறையப் பச்சை இலைகுழை எல்லாம் வேண்டும். ஒரு வீட்டுக் கக்கூஸில் ஒரு நாளைக்கு ஒரு கிலோ சேரும், அவ்வளவுதான். அங்கே கிருமியைக் கொல்வது சூடு அல்ல. உலர்வும் சாம்பலின் காரமும் காலமும்தான். வயிற்றில் வளரும் வட்டப்புழுவின் முட்டைதான் கடைசிவரை தாக்குப்பிடிக்கும், அது செத்தால் மற்றது எல்லாம் செத்ததாக எடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டியில், 20 முதல் 35 பாகை வெப்பமுள்ள இடங்களில் மலத்தை ஒரு வருடத்துக்கு மேல் தொடாமல் வைத்திருக்கச் சொல்கிறது. சாம்பலோ சுண்ணாம்போ போட்டு காரத்தன்மை (pH) 9க்கு மேல் நின்றால் 6 மாதத்துக்கு மேல் போதும். நம்முடைய வெக்கைக்கு இது நன்றாகப் பொருந்தும். இருந்தாலும் 6 மாதக் கணக்கை நம்பாமல் முழு வருடம் விடுங்கள். சாம்பல் ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் விழுந்ததா என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை.

ஆக, இந்தக் கக்கூஸின் முழு வேலையும் மலத்துக்குள் தண்ணீர் போகாமல் காப்பதுதான். மலத்தோடு சிறுநீரும் தண்ணீரும் கலந்தால்தான் நாற்றம், புழு, ஈ எல்லாம். தனித்தனியாகப் போனால் மூன்றும் அடங்கிவிடும்.

வெளிநாட்டு வரைபடங்களைப் பார்த்து அப்படியே கட்டுகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். அவை கடதாசி பாவிக்கிறவர்களுக்கு வரைந்தவை. முன்னுக்கு ஒரு துளை சிறுநீருக்கு, பின்னுக்கு ஒரு துளை மலத்துக்கு, அத்தோடு முடிந்தது. நமது ஆட்கள் தண்ணீர் இல்லாமல் போகமாட்டார்கள், போகவும் வேண்டாம். அதனால் மூன்றாவதாக, கழுவுவதற்கென்று ஒரு இடம் கட்டாயம் வேண்டும். திருச்சி மாவட்டம் முசிறியில் இப்படி மூன்று பிரிவு வைத்த கக்கூஸ்களைக் கட்டி ஊர்ச்சனம் பாவிக்கிறது. காவிரிக் கரையில் நிலத்தடி நீர் உயர்ந்து நிற்கிற இடம், அவர்களுக்கும் உங்கள் பிரச்சினைதான். குந்தியிருந்து போனபின் ஒரு அடி நகர்ந்து கழுவவேண்டும், அவ்வளவுதான் பழக்க மாற்றம். பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிடுவார்கள். வரும் விருந்தாளிகளுக்குத்தான் ஒவ்வொரு தரமும் சொல்லிக்கொடுக்க வேண்டிவரும், கதவின் உட்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இனிக் கட்டுகிற முறை. நிலத்தைத் தோண்டவே வேண்டாம். உங்கள் காணியில் வெள்ளம் நின்ற ஆக உயர்ந்த மட்டத்தைப் பக்கத்துக் காணிக்காரரிடம் கேட்டு, அதற்கு ஒரு அடி மேலே கொங்கிறீற் தளம் போடுங்கள். அதன்மேல் சீமெந்துக் கல்லால் பக்கம் பக்கமாக இரண்டு அறை, ஒவ்வொன்றும் உட்புறம் 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரம். கணக்கைப் பாருங்கள்: ஒரு ஆளுக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 50 லீற்றர் மலம், மேலே போடும் சாம்பலையும் உமியையும் சேர்த்தால் 100 லீற்றர். 5 பேருக்கு 500. இந்த அறை 750 லீற்றருக்குக் கொஞ்சம் மேலே கொள்ளும். ஒன்று நிரம்ப ஒரு வருடத்துக்கு மேலாகும், அதை மூடிவிட்டு மற்றதுக்கு மாறினால் முதலாவது ஒரு வருடம் சும்மா கிடந்து காயும்.

எந்தப் பக்கம் பார்க்கக் கட்டுவது என்பதை நமது காற்றுகளே சொல்லிவிடும். வாடைக்காற்று வடகிழக்கில் இருந்து மழையைச் சாய்த்து அடிக்கும். சோளகம் தென்மேற்கில் இருந்து காய்ந்து வரும். அறைகளைத் திறக்கிற பின்கதவு தென்மேற்கைப் பார்த்தால் மாரிச் சாரல் படாது, கோடையில் பின்னேர வெயிலும் சோளகமும் அந்தச் சுவரைக் காயவைக்கும். வீட்டுக்குத் தென்கிழக்கிலோ வடமேற்கிலோ கக்கூஸ் இருந்தால் இரண்டு காற்றும் மணத்தை வீட்டுப் பக்கம் கொண்டுவராது. பின்கதவுக்கு மரம் வேண்டாம், கறையான் விடாது. கொங்கிறீற் பலகை ஒன்றை வைத்து விளிம்பைச் சுண்ணாம்புச் சாந்தால் பூசிவிட்டால் பாம்பும் தவளையும் நுழையாது, வருடம் கழித்து உளியால் தட்டி எடுக்கலாம். ஒவ்வொரு அறையில் இருந்தும் 4 அங்குல பி.வி.சி. பைப் கூரைக்கு 2 அடி மேலே போகட்டும். வெயில் படுகிற பக்கம் வைத்துக் கறுப்புப் பெயின்ற் அடித்தால் உள்ளே காற்று சூடாகி மேலே இழுக்கும், விசிறியோ கரண்டோ தேவையில்லை. பைப்பின் வாயில் துருப்பிடிக்காத நுண்வலை கட்டுங்கள். கக்கூஸுக்குள் இருட்டாக இருந்தால், அறையில் உள்ள ஈ பைப் வழியாகத் தெரியும் வெளிச்சத்தை நோக்கி ஏறி வலையில் மாட்டிச் சாகும். கூரையின் தாழ்வாரத்தை நன்றாக நீட்டிவிடுங்கள். இரவில் பாதையில் பாம்பு கிடந்தால் தெரிய ஒரு சிறு சோலார் விளக்கும் வேண்டும்.

பாவிக்கத் தொடங்கும் முன் அறையின் அடியில் ஒரு சாண் தடிப்பில் காய்ந்த மண்ணும் சருகும் பரப்புங்கள். பிறகு ஒவ்வொரு தரமும் போனபின் சிரட்டை அகப்பையால் இரண்டு அள்ளு, மலம் தெரியாமல் மூடும் அளவுக்கு. எதை அள்ளுவது? அடுப்புச் சாம்பலும் உமியும் பாதிக்குப் பாதி கலந்தது. சாம்பல் ஈரத்தை உறிஞ்சும், காரத்தையும் கொடுக்கும், ஆனால் தனியே போட்டால் இறுகிக் கட்டியாகும். உமி இடையில் காற்றோட்டம் வைக்கும், ஆனால் தனியே போட்டால் ஈரத்தைப் பெரிதாக எடுக்காது. மில்லில் எரித்த உமிச்சாம்பல் கிடைத்தால் அதுவும் நல்லது. மரத்தூள் என்றால் காய்ந்ததா என்று கையில் பிடித்துப் பாருங்கள். சிறுநீர்த் துளைக்குள் சாம்பல் விழவிடாதீர்கள், அடைத்துவிடும். பெண்கள் மாதவிலக்கு நேரத்தில் பாவிக்கும் பட்டைகள் அறைக்குள் போகக்கூடாது, அவை உக்காது. கிழமைக்கு ஒரு தரம் குவிந்ததைத் தடியால் தட்டி ஓரத்துக்குத் தள்ளிவிடவேண்டும்.

ஒரு வருடம் மூடிக் கிடந்த அறையைத் திறந்தால் என்ன இருக்கும் என்பதுதான் எல்லோருக்கும் உள்ள பயம். சாம்பல் நிறத்தில், பொலபொலவென்று, கடகத்தில் அள்ளினால் தூசி கிளம்புகிற ஒரு மண் இருக்கும். உமியில் சிலிக்கா இருப்பதால் அது மட்டும் உக்காமல் உமியாகவே தெரியும். கையில் எடுத்து முகர்ந்தால் மழை தொடாத நிலத்தின் மணம், வேறொன்றும் இல்லை. கறுப்பாக, ஈரமாக, மணத்தோடு இருந்தால் தண்ணீர் எங்கோ போயிருக்கிறது என்று அர்த்தம். அதை அள்ளவேண்டாம், சாம்பலைக் கொட்டி இன்னும் 6 மாதம் மூடுங்கள், கூரையையும் கழுவும் இடத்தின் வெடிப்புகளையும் பாருங்கள். நன்றாகக் காய்ந்ததையும் மரக்கறிப் பாத்தியில் போடாமல், மாமரம், பலா, தென்னை அடியில் ஒரு அடி ஆழத்தில் புதையுங்கள். கையுறையும் செருப்பும் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். அள்ளுகிற வேலையை வீட்டுக்காரரே செய்யுங்கள். வாளிக் கக்கூஸ் காலத்தில் மற்றவர்களின் மலத்தை அள்ளும் வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டி, அதற்காகவே அவர்களை ஒதுக்கி வைத்த சமூகம் இது. அந்தப் பழக்கம் திரும்பக்கூடாது. உலர் கக்கூஸின் பெரிய சிறப்பாக நான் காண்பதே, பச்சை மலத்தை யாரும் தொடவேண்டியதில்லை என்பதுதான். ஒரு வருடம் பொறுத்து எடுத்தால் அது மண். அந்த மண்ணை அள்ளக் கூலிக்கு ஆள் தேடுகிறவர் உலர் கக்கூஸ் கட்டாமல் இருப்பது நல்லது.

அடுத்து சிறுநீர். நம் உடம்பில் இருந்து போகும் நைதரசனில் ஐந்தில் நான்கு பங்கு சிறுநீரில்தான் இருக்கிறது. ஒரு ஆளுக்கு வருடத்தில் 2, 3 கிலோ நைதரசன். 5 பேருக்கு 10 கிலோவுக்கு மேல், அதாவது ஏறக்குறைய அரை மூட்டை யூரியா. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது வன்னி விவசாயி பட்டபாடு உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் அரை மூட்டை மண்ணுக்குள் வீணாக ஊறிக்கொண்டிருந்தது.

சிறுநீர்ப் பைப் பிளாஸ்ரிக்காகவே இருக்கட்டும், உலோகம் அரித்துவிடும். நல்ல சரிவில் 25 லீற்றர்க் கானுக்குள் விடுங்கள், பைப்பின் நுனி கானின் அடிவரை போகவேண்டும். அப்போது அமோனியா ஆவியாகாது, மணமும் வராது. கான் நாலைந்து நாளில் நிரம்பும். பைப்புக்குள் கல்லுப் பிடிக்கும், மாதத்துக்கு ஒரு தரம் வினாகிரி விட்டுச் சுடுதண்ணீர் ஊற்றினால் இளகும். பயிருக்கு விடும்போது ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர், இலையில் படாமல் மண்ணில் சிறு வாய்க்கால் கிண்டி ஊற்றி மூடவேண்டும். சொந்த வீட்டுச் சிறுநீரைச் சொந்தத் தோட்டத்துக்கு விடுவதென்றால் பெரிய சேமிப்புக் காலம் தேவையில்லை, கடைசியாக ஊற்றியதற்கும் அறுவடைக்கும் ஒரு மாதம் இடைவெளி விட்டால் சரி. தென்னைக்கு இது மிகவும் பிடிக்கும், அதில் உள்ள குளோரைட்டைத் தென்னை விரும்பி எடுக்கும். கிணற்றுப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். அடைமழை நாளில் ஊற்றாதீர்கள், பயிர் எடுக்கும் முன் நைதரசன் கழுவுண்டு கீழே போய்விடும்.

இனிக் குளிக்கிற தண்ணீர். இதில் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. கிணற்றடியில் குளித்து, தோய்கல்லில் தோய்த்து, அந்தத் தண்ணீரை வாழைக்கு விடுவது நம் ஆச்சிமார் செய்தது. திருத்தவேண்டியது ஒன்றுதான்: கிணற்றோடு ஒட்டிக் குளித்தால், கட்டு வெடித்த இடத்தால் சவுக்காரத் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பும். கிணற்றைச் சுற்றி 5 அடிக்குச் சீமெந்துத் தளம் போட்டு வெளிப்புறம் சரித்து, குளிக்கிற இடத்தைத் தள்ளி வைத்து, பைப்பால் 50 அடிக்கு அப்பால் மரங்களுக்குக் கொண்டுபோங்கள்.

5 பேர் வாளியில் அள்ளிக் குளித்தால் 250 லீற்றர், தோய்ப்பதையும் சேர்த்தால் நாளுக்கு 300க்கு மேல் வரும். கோடையில் ஒரு வாழைப் பத்தைக்கு நாளுக்கு 25 லீற்றர் என்று வைத்தால் 12 பத்தைகளுக்குப் போதும். பத்தைகளுக்கு நடுவில் 6 அடி அகலத்தில், 2 அடி ஆழத்தில் ஒரு கிடங்கு வெட்டி, கொம்பு, மட்டை, சருகு, கிளிசரியாக் குழை போட்டு நிரப்புங்கள். தண்ணீர் அதற்குள் விழட்டும். வெளியே தெரிகிற மாதிரித் தேங்கக்கூடாது, தேங்கினால் நுளம்பு. தொட்டியில் சேர்த்து வைக்கவும் கூடாது. ஒரு நாள் கடந்தால் சவுக்காரத் தண்ணீர் அழுகி, கக்கூஸ் தண்ணீரைப் போல நாறும். கீரை, வல்லாரை, வெங்காயம், கரட் போன்றவற்றுக்கு இதை விடவேண்டாம்.

மாரிக்கு வேறு ஏற்பாடு. நம்முடைய சிவந்த மண் கோடையில் கல்லாக இறுகும், மாரியில் குழம்பாகும், தண்ணீரை உள்ளே இழுக்காது. பைப்பில் ஒரு திருப்பி வைத்து இரண்டு, மூன்று இடங்களுக்கு மாற்றி மாற்றி விடக்கூடியதாகச் செய்யுங்கள். கிடங்குகளைச் சுற்றி வரம்பு போட்டு மழை வெள்ளம் உள்ளே போகாமல் மறியுங்கள்.

வன்னியில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் கடினம், சவுக்காரம் நுரைக்காது, அதனால் கூடுதலாகப் போடுவோம். சவுக்காரத்திலும் உடுப்புத் தோய்க்கும் பவுடரிலும் சோடியம் இருக்கிறது. ஒரே இடத்தில் விட்டுக்கொண்டே இருந்தால் மண்ணின் மேல் வெள்ளையாகப் பூக்கும், இலை விளிம்பு கருகும், தண்ணீர் இறங்காமல் நிற்கும். அதைக் கண்டால் இடத்தை மாற்றி, ஒரு மாரி மழை அதைக் கழுவ விடுங்கள். துணி தோய்க்கிற தண்ணீரைத் தென்னைக்கு விடுவது நல்லது, உப்பைத் தாங்கும்.

காட்டோரக் காணி என்றால் வாழையில் இன்னொரு சிக்கல்: யானை. ஒட்டுசுட்டான் பக்கம் வீட்டோடு வாழை வைப்பது யானையை வாசலுக்குக் கூப்பிடுகிற வேலை. யானை தேசி, தோடையை விரும்பாது. ஆனால் தேசி உப்பைத் தாங்காது. ஆகவே குளிக்கிற தண்ணீரை மட்டும் தேசிக்கும், தோய்க்கிற தண்ணீரைத் தூரத் தென்னைக்கும் பிரித்து விடுங்கள்.

குசினித் தண்ணீர் அளவில் குறைவு, தொல்லையில் கூட. அரிசி கழுவினதும் கஞ்சியும் மாட்டுக்கு. மீன்சட்டி, தேங்காய்ப்பால் எண்ணெய் உள்ள தண்ணீரைத் தும்பு நிரப்பிய ஒரு வாளிக்குள்ளால் வடியவிட்டு, கிழமைக்கு ஒரு தரம் தும்பை மாற்றுங்கள். கக்கூஸில் கழுவின தண்ணீரையும் குழந்தைத் துணி அலசின தண்ணீரையும் இவற்றோடு சேர்க்காதீர்கள். அதற்கு உயர்த்திக் கட்டிய, அடியில் சல்லியும் மேலே மண்ணும் போட்ட ஒரு தனிப் பாத்தி, அதில் கல்வாழை.

அம்மாவைப் பற்றி. அறையின் 3 அடி உயரத்துக்கே ஆறு படி வரும், தளம் உயர்ந்த அளவுக்கு இன்னும் கூடும். இரண்டு பக்கமும் பிடிகம்பி, உள்ளே குந்துவதற்குப் பதில் இருக்கை வைக்கலாம். ஆனால் எழுந்து நகர்ந்து கழுவ அவருக்கு ஏலாது என்றால் வற்புறுத்தவேண்டாம். அவர் ஒருவருக்கு வீட்டோடு ஒட்டி, தண்ணீர் ஊற்றும் சாதாரண கொமட் வையுங்கள். ஒருவர் ஊற்றும் தண்ணீர் நாளுக்கு 10, 15 லீற்றர்தான். அதற்கு அடி மூடிய சிறு தொட்டி ஒன்று கட்டி, வழிகிற தண்ணீரைக் காணியின் ஆக மேட்டுப் பக்கம், கிணற்றில் இருந்து தூரத்தில், இதே மாதிரி உயர்த்திய பாத்திக்கு விடுங்கள். நாலு பேர் உலர் கக்கூஸ் பாவித்தாலே கிணற்றுக்கு வரும் பாரம் பெரும்பாலும் போய்விடும்.

கல் வைக்கும் முன் பி.எச்.ஐயைக் கூப்பிட்டுக் காணியைக் காட்டுங்கள். மாரியில் தண்ணீர் எங்கே நிற்கும் என்பது அவருக்கும் தெரியும். வரைபடத்தோடு பேசினால் பிரதேச சபை அனுமதியும் இலகு.

வேலையை சோளகக் காலத்தில் முடியுங்கள், ஐப்பசிக்குள் கூரை ஏறிவிடவேண்டும். அதைவிட முக்கியம் உமி. மாசி, பங்குனியில் பெரும்போக நெல் மில்லுக்கு வரும்போது உமி தாராளமாகக் கிடைக்கும், மாரியில் நனைந்த உமிதான் மிஞ்சும். ஆறு மாதத்துக்குத் தேவையானதைச் சாக்கில் கட்டிக் கூரைக்குள் ஏற்றி வையுங்கள். காணி எந்தப் பக்கம் சரிகிறது, மண் சிவப்பா மணலா, பக்கத்து வளவுக் கிணறு எவ்வளவு தூரம் என்று எழுதினால் பாத்திகளை எங்கே வைப்பது என்று இன்னும் திட்டமாகச் சொல்கிறேன்.